ஒரே பண்டில்

2003 செப்டம்பரில் உலகம் பூராவும் ஈமெயில் பெட்டிகளில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒரு வார்த்தையில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியான இடத்தில் இருந்தால் போதும், நடுவில் இருப்பதை எப்படிக் கலைத்துப் போட்டாலும் மூளை தடங்கலின்றிப் படித்துவிடும், இது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சி என்றது. அந்தக் கடிதமே அப்படிக் கலைந்த ஆங்கிலத்தில்தான் இருந்தது. படித்தவர்கள் 'அட, ஆமாம்!' என்று பத்துப் பேருக்கு அனுப்பி வைத்தார்கள்.

கேம்பிரிட்ஜிலேயே மூளை ஆராய்ச்சி செய்கிற மேட் டேவிஸ் என்பவர் விசாரித்துப் பார்த்தார். அப்படி ஓர் ஆராய்ச்சி அங்கே நடக்கவே இல்லை. நூல் பிடித்துப் போனதில், கிரஹாம் ராலின்சன் என்பவர் 1976-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக இது பற்றி எழுதியிருந்தார். 1999-ல் 'நியூ சயன்டிஸ்ட்' பத்திரிகைக்கு ஒரு கடிதமும் போட்டிருந்தார். ஊர் மாறி, பேர் மாறி, கொஞ்சம் மிகைப்பட்டு வந்து சேர்ந்திருக்கிறது. வதந்தியின் எழுத்துக்களும் நடுவில் கலைந்துவிடும் போல.

இந்தக் கடிதத்தினால் ஒரு நல்லது நடந்தது. புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு உலகெங்கும் இது ஒரு பயிற்சிக் கணக்காகிவிட்டது. 'ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு வார்த்தையிலும் முதல், கடைசி எழுத்தை விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துக் கொடு.' சின்னக் கணக்குதான். வாக்கியத்தை வார்த்தையாக உடைக்க வேண்டும், வார்த்தையை எழுத்தாக உடைக்க வேண்டும், குலுக்க வேண்டும், திரும்ப ஒட்ட வேண்டும். முதல் வருஷ மாணவருக்கு ஒரு மாலை நேர வேலை.

அவிநாசியில் ஒரு பெண்ணுக்கு அது மூன்று வார வேலையானது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவிநாசி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோவைக்காரர்களுக்கு அது ஒரு ரோடு. சைவர்களுக்குத் திருப்புக்கொளியூர், முதலை விழுங்கிய பாலகனை, விழுங்கிய வருஷங்களின் வளர்ச்சியோடு சுந்தரர் மீட்டுக்கொடுத்த தலம். விவசாயிகளுக்கு, அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு – அவிநாசித் திட்டம். பாதி ஊருக்கு அது திருப்பூருக்கு பஸ் ஏறுகிற இடம். காலையில் டிபன் பாக்ஸோடு பனியன் கம்பெனிக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்களின் ஊர். கோயில் பலகையில் 'அவிநாசி', பஸ் போர்டில் 'அவினாசி'. இந்த இரண்டு 'ந'வுக்கும் எங்கும் சண்டை வந்ததில்லை.

நான் குடியிருக்கும் வீதியில் அந்தப் பெண் இருக்கிறாள். கலைக் கல்லூரி ஒன்றில் பி.சி.ஏ. பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். அம்மா செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறார். தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, விட்ட தையல் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. படிப்பு எட்டாவது. சனிக்கிழமை சம்பளம். இந்த 'சனிக்கிழமை சம்பளம்' என்ற சொல்லுக்குத் திருப்பூர் வட்டாரத்தில் இருக்கும் கவர்ச்சியை வெளியூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ள முடியாது. எத்தனையோ பிள்ளைகள் காலேஜை நடுவில் விட்டதற்கு அது ஒரு காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பைத்தான் மொழியில் எழுதியிருந்தாள். கம்ப்யூட்டர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினாள். எட்டு எழுத்து. முதலும் கடைசியும் அசையாமல், நடு ஆறும் கலைந்து வந்தது. மறுபடி தட்டினால் வேறு மாதிரி. ஆறு எழுத்தை 720 விதமாக அடுக்கலாம் என்பதால் பொழுது போகும்.

'நல்லா இருக்கே அம்மிணி' என்றேன்.

'இருங்க சார்' என்று தமிழில் 'அவிநாசி' என்று தட்டினாள். வந்ததைப் படிக்க முடியவில்லை. 'அ'வுக்குப் பிறகு ஒரு இகரக் கொக்கி, பிடித்துக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் அநாதையாக நின்றது. முதலை விழுங்கித் துப்பியது போலிருந்தது.

'ஏனுங்க சார், தமிழ் கம்ப்யூட்டருக்கு ஒத்து வராதுங்களா?'

சாதாரணக் கேள்வி மாதிரி தோன்றும். அவள் கேட்ட தொனியில் வேறு ஒன்று இருந்தது. வகுப்பில் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்ல, தான் மனசுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறாள். இப்போது மெஷினும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது போல இருந்தது அவளுக்கு. 'இங்கிலீஷ்ல ஒரே தடவைல ஓடுதுங்க. அப்ப தப்பு தமிழ்லதானுங்க இருக்கோணும்? இல்லாட்டி எங்கிட்ட.'

இரண்டும் இல்லை. தப்பு எண்ணிக்கையில் இருந்தது.

'அவிநாசி' எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும், நான்கு. அ, வி, நா, சி. பைத்தானைக் கேட்டால் ஏழு என்கிறது. அது பொய் சொல்லவில்லை. யுனிகோட் ஏற்பாட்டில் 'வி' என்பது ஓர் எழுத்தல்ல. 'வ' என்று ஓர் எண், அதன் பின்னால் இகரக் குறிக்கு ஓர் எண். 'ன்' என்றால் 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. தமிழுக்கு யுனிகோட் ஒதுக்கியிருப்பது 128 இடம். அதிலும் பல காலி. நம்முடைய 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிரெழுத்து, அகரமேறிய மெய், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றை வைத்து மற்றதைக் கட்டிக்கொள்ள வேண்டும். 1988-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட இஸ்கி என்ற வரிசையைப் பார்த்து வந்த ஏற்பாடு இது.

ஆகவே அவள் புரோகிராம் ஏழு துண்டைப் பார்த்தது. முதல் துண்டு 'அ'. கடைசித் துண்டு 'சி' அல்ல, வெறும் கொக்கி. நடுவில் இருந்த ஐந்தையும் விசுவாசமாகக் குலுக்கியது. 'பனியன்' நமக்கு நாலு, அதற்கு ஆறு. 'திருப்பூர்' நமக்கு ஐந்து, அதற்குப் பத்து. 'விகடகவி' இருக்கிறதே, தெனாலிராமன் பட்டம், திருப்பிப் படித்தாலும் அதுவேதான் என்று நாமெல்லாம் கைதட்டியது, அதைத் துண்டு துண்டாகத் திருப்பினால் முதலில் ஒரு கொக்கி வந்து நிற்கும். விகடகவி கம்ப்யூட்டரிடம் பட்டம் இழந்துவிடுவான். சீர்காழியில் மாலைமாற்றுப் பதிகம் பாடிய சம்பந்தருக்கும் இதே கதிதான். அவர் எழுத்தை எண்ணிப் பாடினார், எண்களை அல்ல.

இந்தப் பிரச்னை தெரியாததல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில் 'தமிழ் 99' விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்து முறைகளும் முடிவாயின. 2010-ல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வருஷம், ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தருகிற 'டேஸ் 16' முறையைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. ஆனால் உங்கள் செல்போனும் என் செல்போனும் பேசுவது யுனிகோட்தான். ஊரே அந்த ரோட்டில் போகும்போது நாமும் அதில் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா மகளைத் தேடி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சொன்னார்:

'ஏனுங்க, இது எங்க கட்டிங் மாதிரிதானுங்க. துணியை வெட்டி மொத்தமா குமிச்சுப் போட்டா எந்தக் கை எந்த உடம்புதுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு லாட்டுக்கு ஒரு லாட்டு ஷேடு மாறுமுங்க. அதுக்குத்தான் முன், பின், கை எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டு ஒரே பண்டிலா கட்டறது. பண்டில எங்க வேணா தூக்கி வையுங்க, பிரிச்சுப் போடக்கூடாது. அவ்வளவுதானுங்களே?'

அவ்வளவுதான். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'பண்டில்' அதைவிட நன்றாக இருக்கிறது.

பண்டில் கட்டும் முறை சுலபம். வார்த்தையை இடமிருந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்து வாருங்கள். வருவது துணைக்குறியோ புள்ளியோ என்றால் முன்னால் இருப்பதோடு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் புதுப் பண்டில் ஆரம்பியுங்கள். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். எப்படி வந்தாலும் இந்த முறையில் ஒரே பண்டிலுக்குள் அடங்கும். 'க்ஷ' வுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுத வேண்டும், லக்ஷ்மிகள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க. இதையே செய்து கொடுக்க 'ஓப்பன் தமிழ்' என்று இலவச நிரல் தொகுப்பும் இருக்கிறது. 'எழில்' என்று தமிழிலேயே புரோகிராம் எழுத ஒரு மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்தது. அவளுக்கு அதைச் சொன்னேன். 'நானே எழுதறனுங்க' என்றாள். முதல் தடவையாகக் குரல் நிமிர்ந்திருந்தது.

அடுத்த சிக்கல் குலுக்கலில். தயாராக இருக்கும் குலுக்கல் கட்டளையை உபயோகிக்கக் கூடாது என்று கல்லூரியில் நிபந்தனை. அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வோர் இடத்துக்கும் போய், மொத்த இடங்களில் எதையாவது ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்து மாற்றிக்கொள்வது. நியாயமாகத்தான் தோன்றும். மூன்று எழுத்துக்குக் கணக்குப் பாருங்கள். மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று வாய்ப்பு. மொத்தம் 27 வழி. மூன்று எழுத்தை அடுக்கக்கூடிய வரிசையோ ஆறுதான். 27-ஐ ஆறு பேருக்குச் சமமாகப் பங்கு போட முடியுமா? முடியாது. ஆகவே சில வரிசைகள் அடிக்கடி வரும், சில அபூர்வமாக.

அம்மாவுக்கு இது உடனே புரிந்தது. குலுக்கல் சீட்டுப் போடுகிறவர் அல்லவா! 'எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவுல போட்டா சண்டைதானுங்க வரும்' என்றார். ஃபிஷரும் யேட்ஸும் 1938-ல் புள்ளியியல் புத்தகத்தில் சொன்ன முறை இதுவேதான். எடுத்ததைத் தனியே வை, மிச்சத்திலிருந்து மட்டும் அடுத்ததை எடு. மூன்று பெருக்கல் இரண்டு பெருக்கல் ஒன்று, ஆறு. எல்லா வரிசைக்கும் ஒரே வாய்ப்பு. 1964-ல் டர்ஸ்டன்ஃபெல்ட் என்பவர் அதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி எழுதினார். அதற்கெல்லாம் ஆயிரம் வருஷம் முன்னால் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் குடவோலைகளைக் குடத்தில் போட்டு, நன்றாகக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குலுக்கல் நியாயமாக இருக்க வேண்டும் என்ற கவலை பழையது.

மூன்றாவது வாரம் புரோகிராம் ஓடியது. முதலில் 'தமிழ்' என்று தட்டினாள். 'தமிழ்' என்றே வந்தது. மறுபடி தட்டினாள். அப்படியே. 'வேலை செய்யலீங்களே' என்று முகம் வாடியது. செய்கிறது. த, மி, ழ். முதலையும் கடைசியையும் விட்டால் நடுவில் ஒன்றுதான் மிச்சம், எதோடு கலைப்பது? 'அம்மா' என்று தட்டிப் பார்த்தாள். அதுவும் அசையவில்லை. 'அப்பா'வும்.

பிறகு 'பனியன்'. ப, னி, ய, ன். நடுவில் இரண்டு எழுத்து, இடம் மாறினால் 'பயனின்'. அர்த்தமுள்ள வார்த்தையாகவே வந்து நின்றது. அம்மா சிரித்த சிரிப்பு வீதிக்கே கேட்டிருக்கும்.

சரி, கலைத்த தமிழைப் படிக்க முடிகிறதா? நீங்களே பாருங்கள். 'சக்னிழகிமை சபம்ளம் வாகிங்னாகர்ள்.' திணறுகிறீர்களா? 'சனிக்கிழமை சம்பளம் வாங்கினார்கள்.' நடுச்சொல் எளிதாக வந்திருக்கும், இரண்டு எழுத்துத்தான் இடம் மாறியிருக்கிறது. மூன்றாவது சொல் பல்லைப் பதம் பார்க்கும்.

காரணம் இருக்கிறது. அந்த ஆங்கிலக் கடிதத்தில் ஏராளமாக இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள். அவை கலையவே இல்லை. நம்மிடம் அந்தச் சில்லறைச் சொற்கள் தனியாக இல்லை. வேற்றுமை, காலம், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாலின் கடைசி எழுத்தை மட்டும் காப்பாற்றி என்ன புண்ணியம்? தவிர, எந்த மெய்க்குப் பின்னால் எந்த மெய் வரலாம் என்று தொல்காப்பியம் மெய்ம்மயக்கத்தில் விதி வைத்திருக்கிறது. குலுக்கலுக்கு அது தெரியாது. 'க்'குக்குப் பிறகு 'னி' வந்தால் கண் இடறுகிறது.

ஆங்கிலத்திலும் இது இலவசமல்ல. கீத் ரேனர் குழு 2006-ல் கண்ணசைவை அளந்து பார்த்தது. நடு எழுத்துக்களை மாற்றினால் படிக்கும் வேகம் 11 சதவிகிதம் குறைகிறது. கடைசியில் மாற்றினால் 26. முதலில் மாற்றினால் 36. ஹீப்ரு மொழியில் எழுத்து இடம் மாறினால் படிப்பது இன்னும் சிரமம் என்று 2007-ல் வெலான், ஃப்ராஸ்ட் என்ற இருவர் காட்டினார்கள். மூளை எப்படியும் படித்துவிடும் என்பது எல்லா மொழிக்கும் பொது விதியல்ல.

இதெல்லாம் விளையாட்டுதானே, வார்த்தை கலைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பீர்கள். உங்கள் பெயர் சுப்பிரமணியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து எட்டு. யுனிகோடில் துண்டு 13. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒரு துண்டுக்கு மூன்று பைட், ஆக 39. 'பெயருக்கு 20 பைட் போதும், இருபது எழுத்துக்கு மேல் யார் பெயர் வைக்கப்போகிறார்கள்' என்று ஆங்கிலத்தை மனசில் வைத்து எவரோ புரோகிராம் எழுதினால், ஆறு துண்டுதான் கொள்ளும். நீங்கள் 'சுப்பி' ஆகிவிடுவீர்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 துண்டு. நீளமாக எழுதினால் இரண்டு, மூன்று மெசேஜாகக் கணக்கு. இன்றைக்கு எல்லோரும் பேசும் செயற்கை அறிவு மென்பொருள்களும் வாசகத்தைத் துண்டு போட்டுத்தான் படிக்கின்றன. பலவற்றில் ஆங்கிலத்தை விடத் தமிழ் அதிகத் துண்டாகிறது. துண்டுக்குத்தான் காசு.

அதனால் முதல் வருஷத்தில் ஒரு பெண் 'நம்ம மொழி இதுக்கு லாயக்கில்லை' என்று முடிவு செய்துகொண்டு போவதற்கும், 'எண்ணத் தெரியாமல் எண்ணியிருக்கிறார்கள்' என்று கண்டுகொள்வதற்கும் வித்தியாசம் பெரியது. முதல் முடிவுக்கு வந்தவள் சனிக்கிழமை சம்பளத்துக்குப் போய்விடுவாள். போவதில் கேவலம் ஒன்றுமில்லை. அவள் அம்மாவின் இருபது வருஷ உழைப்புதான் அந்த லேப்டாப். ஆனால் வேறு வழி இல்லை என்று நினைத்துப் போகக் கூடாது.

அவள் இப்போது இரண்டாம் வருஷம். அந்தப் புரோகிராமைச் செல்போனில் விளையாட்டாக மாற்றிக் கொடுத்திருக்கிறாள். டீ டைமில் செக்கிங் செக்‌ஷன் பெண்கள் கலைந்த வார்த்தையை நேராக்கிப் பந்தயம் கட்டுகிறார்களாம். தோற்றவர் அன்றைக்கு வடை வாங்க வேண்டும்.

நீங்களும் வீட்டில் ஒரு பேப்பரில் எழுதிக் கத்தரித்துச் செய்து பார்க்கலாம், கம்ப்யூட்டர் வேண்டாம். உயிர்மெய்யை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அம்மாவின் சம்பளக் கவரில் பல வருஷமாகப் பெயர் பாதியோடு நின்றுவிடுகிறது. நீளமான பெயர். கவர் வந்ததும் அம்மா எண்ணுவது பணத்தை. மகள் போன மாதம் பெயரை எண்ணினாள். சரியாக ஆறு துண்டு. அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு எங்கே தப்பு, எப்படித் திருத்த வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தமிழில்தான்.